பூசை காணாத டேப்

குளுவாங்,
29 ஜனவரி 2024

அன்புள்ள சிவா தம்பிக்கு,

அண்ணி கிருஷ்ணகுமாரி எழுதுகிறேன். தொண்டைப் புண் ஆறிவிட்டதா? சோறு சிரமமில்லாமல் இறங்குகிறதா? மெல்பர்னில் வெயில் கொளுத்துகிறது என்று லோஷினி சொன்னாள். இங்கே தைப்பூசத்தன்றுகூட மழை விடவில்லை, காவடி எடுத்தவர்கள் நனைந்தபடியே போனார்கள். உங்கள் பெயருக்கும் ஓர் அர்ச்சனை செய்தோம். நட்சத்திரம் எனக்குச் சந்தேகம். அனுஷம் என்று சொல்லிவிட்டேன். தவறென்றால் முருகன் திருத்திக்கொள்ளட்டும்.

தொண்டை அறுவைக்குப் பிறகு உங்களுக்குக் குரல் இல்லை என்றானதும் நான் போன் செய்வதை நிறுத்திவிட்டேன். நான் மட்டும் பேசிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் நீங்கள் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்பது எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் ஈமெயிலில் இந்தக் கடிதம். தண்ணீர் இலாகாவில் அத்தனை வருடம் மலாய் மொழியில் தட்டிய விரல்கள் இப்போது தமிழ் எழுத்தைத் தேடித் தடுமாறுகின்றன. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். பொங்கலுக்கு முன் உடம்பைச் சோதித்தபோது வலது நுரையீரலில் ஒரு சிறு புள்ளி தெரிந்ததாம். டாக்டர் பழைய படம் ஏதாவது இருந்தால் கொண்டு வரச் சொன்னார். அந்தப் புள்ளி அப்போதும் இதே அளவில் இருந்திருந்தால் அது வெறும் தழும்பு, மறந்துவிடலாம். அப்போது இல்லை என்றால் காத்திருக்கக் கூடாது, ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். பழைய படமே கிடைக்காவிட்டால் மூன்று மாதம் பொறுத்து மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்றார்.

பழைய படம் ஒன்று உண்டு. 2012 மார்ச்சில் ஆயர் ஈத்தாம் பக்கம் லாரி எங்கள் காரை இடித்தபோது எனக்கு நெஞ்சு ஸ்கேன் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அது இப்போது இல்லை, பழையதை அழித்துவிடுவார்களாம். நமக்குக் கொடுத்த குறுந்தட்டைத் தேடி எடுத்தேன். நம்மூர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. ஆனால் உங்கள் அண்ணன் கணினிக் கோப்பு எதையும் டேப்பில் பதியாமல் விட்டவர் இல்லை. எண்ணெய்ப்பனைக் கம்பெனி ஆபீசில் தூக்கி எறிய இருந்த டேப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்து, லினக்ஸ் கணினியில் மாட்டி வைத்தாரே, அது இன்னும் அவர் அறையில் அப்படியே இருக்கிறது. அவர் போய் இரண்டு வருடமாகிறது. அதற்கு உயிர் உண்டா என்று எனக்குத் தெரியாது. நீங்களும் அதே கணினித் தொழில் பார்த்தவர். வழி சொல்லுங்கள்.

லோஷினியிடம் இதைச் சொல்லவில்லை. அப்பா போன பிறகு இப்போதுதான் பெண் மாத்திரை இல்லாமல் தூங்குகிறாள். நீங்களும் சொல்ல வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி குமாரி


மெல்பர்ன்,
31 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணிக்கு,

சிவகணேசனின் வணக்கம். கஞ்சி இறங்குகிறது, சோறு மெதுவாக. என் நட்சத்திரம் கேட்டை. அனுஷத்துக்கு அடுத்ததுதான், முருகன் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொள்வார்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பயப்படாதீர்கள் என்று எழுத வந்து அழித்துவிட்டேன். எனக்கு அதைச் சொன்னவர்கள் மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வேலையைப் பார்ப்போம்.

அண்ணன் ஒவ்வொரு வருடமும் விஜயதசமியன்று அந்த வருடக் கோப்புகளை எல்லாம் ஒரு டேப்பில் எழுதுவார். எழுதியதும் இடத்துக்காகக் கணினியில் இருப்பதை அழித்துவிடுவார். ஆகவே உங்கள் படம் 2012 என்று ஒட்டியிருக்கும் டேப்பில் இருக்க வேண்டும், வேறெங்கும் இல்லை.

எனக்குக் குரல் இருந்திருந்தாலும் இதை எழுதித்தான் தருவேன். ஓர் எழுத்து மாறினால் போச்சு. முதல் வேலை, டேப்பின் ஓரத்தில் ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கும், அதைப் பூட்டும் பக்கம் தள்ளிவிடுங்கள். பூட்டினால் அந்த டேப்பில் யாரும் எழுத முடியாது, தவறினாலும் அழியாது. அடுத்தது, கட்டளையில் t என்றால் உள்ளே இருப்பதைக் காட்டும். x என்றால் எடுத்துத் தரும். c என்றால் மேலே புதிதாக எழுதும். c பக்கம் விரலைக் கொண்டு போகவே வேண்டாம். டேப்பைப் போட்டுவிட்டு இதைத் தட்டுங்கள்:

tar -tvf /dev/nst0

அந்த n முக்கியம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வேலை முடிந்ததும் டேப் தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும், நாம் எங்கே நின்றோம் என்பதே தெரியாமல் போகும். என்ன வருகிறது என்று எழுதுங்கள். கணினி, டேப் இரண்டையும் படம் பிடித்து அனுப்புங்கள்.

லோஷினி விஷயத்தில் நீங்கள் சொன்னபடி. ஆனால் எனக்கு மனமில்லை.

சிவா


குளுவாங்,
8 பிப்ரவரி 2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். இருமல் இருக்கிறது, மழைக் காலத்து இருமல்தான். கேட்டை நட்சத்திரத்துக்கு மறுபடி அர்ச்சனை செய்தாயிற்று.

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. முதலில், இதெல்லாம் எனக்கு எதற்கு என்று ஜொகூர் பாரு பக்கம் தம்போயில் லோஷினி வாடகைக்கு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் செல்வாவிடம் டேப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மியூசியத்துக்குப் போக வேண்டிய சாமான் லா. இதப் படிக்கிற மெஷின் ஜொகூர்லயே எவன்கிட்டயும் இருக்காது. உங்க வீட்டுலயே இருந்தா நீங்கதான் அக்கா பெரிய ஆளு" என்றான். பெரிய ஆள் பஸ் பிடித்து வீடு திரும்பினேன்.

கணினி ஓடியது. கடவுச்சொல் எனக்குத் தெரியும், என் பெயரும் பழைய காரின் எண்ணும். தாழ்ப்பாளைப் பூட்டினேன். டேப்பைப் போட்டேன். பெட்டி அதை வாங்கிக்கொண்டு உறுமியது. நீங்கள் சொன்னதைத் தட்டினேன். கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தது, பிறகு Input/output error என்று ஒரு வரி. எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், அதே வரி. அன்று காலை முழுவதும் போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாகக் கரகரத்தது. பெட்டியின் முகப்பில் ஆரஞ்சு விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருக்கிறது.

பராமரிப்பில் குறை இல்லை, தம்பி. படத்தில் பாருங்கள். அவர் போன பிறகு வந்த இரண்டு ஆயுத பூசைக்கும் நான் ஒன்றும் குறை வைக்கவில்லை. அலமாரியில் இருக்கும் டேப் ஒவ்வொன்றுக்கும் மூன்று பட்டையாகத் திருநீறு, நடுவில் சந்தனம், குங்குமம். பெட்டியின் வாய்க்கும் பொட்டு. அவர் இருந்த காலத்தில் மறுநாளே பொட்டெல்லாம் காணாமல் போய்விடும். எடுத்துப் புழங்குகிறவர் கைபட்டு அழிகிறது என்று நினைத்துக்கொள்வேன். இப்போது புழங்க ஆள் இல்லாததால் வைத்தது வைத்தபடி அப்படியே இருக்கிறது. எனக்கு அதில் ஓர் ஆறுதல்.

என்ன செய்யலாம்? உங்கள் மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அண்ணி குமாரி


மெல்பர்ன்,
9 பிப்ரவரி 2024

அண்ணி, நான் சொல்லும்வரை அந்தப் பெட்டியில் எந்த டேப்பையும் போட வேண்டாம். கணினியை அணைத்துவிடுங்கள். விவரமாக எழுதுகிறேன்.

சிவா


மெல்பர்ன்,
27 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? இருமல் எப்படி? மழைக் காலம் முடிந்திருக்குமே, இருமலும் முடிந்ததா என்று கேட்கிறேன்.

தாமதத்துக்கு மன்னியுங்கள். துப்புரவு டேப் என்று ஒன்று உண்டு, பெட்டிக்கு உள்ளே டேப்பைப் படிக்கும் தலையைத் துடைப்பதற்கு. அதைத் தேடிப் பிடித்துப் பார்சல் போட்ட பிறகு எழுதலாம் என்று இருந்தேன். இந்நேரம் உங்கள் கைக்கு வந்திருக்கும். அதைப் பெட்டியில் போடுங்கள், தானே துடைத்துவிட்டுத் தானே வெளியே வரும். இரண்டு தடவை போதும். அதிகம் போட்டால் தலை தேயும்.

அதற்கு முன் இன்னொன்று. பெட்டிக்குள் போகும் எந்த டேப்பையும் காய்ந்த மெல்லிய துணியால் எல்லாப் பக்கமும் நன்றாகத் துடைத்துவிடுங்கள். குளுவாங் ஈரத்துக்கு டேப்பின் மேல் தூசி ஒட்டிக்கொள்ளும். பெட்டியின் வாயையும் துடையுங்கள். பழைய சாமான், வயதாகிவிட்டது, அதுதான் காரணம். வேறொன்றும் இல்லை.

பிறகு அதே கட்டளை. ஒரே ஒரு தடவை. பிழை வந்தால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள், மறுபடி முயல வேண்டாம்.

டாக்டர் சொன்ன மூன்று மாதத்தில் ஒன்றரை போய்விட்டது. அது எனக்கு நினைவிருக்கிறது.

சிவா


குளுவாங்,
9 மார்ச் 2024

அன்புள்ள தம்பிக்கு,

பார்சல் வந்தது. உள்ளே நீங்கள் வைத்திருந்த சாக்லேட்டும் வந்தது. தொண்டையில் ஓட்டையை வைத்துக்கொண்டு கடைக்குப் போய் எனக்குச் சாக்லேட் வாங்கியிருக்கிறீர்கள். நன்றி.

நீங்கள் சொன்னபடியே துடைத்தேன். திருநீற்றைத் துடைக்கக் கை வரவில்லை. அவருடைய படத்தைப் பார்த்து, "உங்கள் தம்பி சொன்னார், நான் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் துடைத்தேன். துப்புரவு டேப்பை இரண்டு தடவை போட்டதும் ஆரஞ்சு விளக்கு அணைந்தது.

பிறகு 2012 பேசியது, தம்பி. கட்டளையைத் தட்டியதும் திரையில் வரி வரியாக ஓடத் தொடங்கியது. வீட்டு வரி ரசீது, லோஷினியின் பரீட்சை முடிவு, நான் சொல்லச் சொல்ல அவர் தட்டிய மீன் சொதிக் குறிப்பு. எதையும் விட்டுவைக்கவில்லை மனிதர். நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தால் மட்டும் இல்லை, சந்தோஷமும் இருந்தது. ஜனவரி போய், பிப்ரவரி வந்து, மார்ச் தொடங்கும் இடத்தில் கரகர என்றது. நின்றுவிட்டது. அதே பிழை வரி. என் படம் அதற்கு அடுத்தாற்போல் இருக்க வேண்டும். நீங்கள் சொன்னபடி மறுபடி முயலவில்லை. விரல் துடித்தது, ஆனாலும் முயலவில்லை.

அந்த நேரம் பார்த்து லோஷினி வந்து நின்றாள். சிங்கப்பூரில் அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஏதோ லீவாம், சொல்லாமல் வந்திருக்கிறாள்.

"என்னம்மா இது, அப்பா மெஷினப் போட்டு என்ன பண்றீங்க?"

"சும்மாதான், தூசி தட்டுறேன்."

"தூசி தட்ட கீபோர்டு எதுக்கு?"

சோற்றில் பூசணிக்காயை மறைக்கத் தெரியாதவள் நான். அப்பாவின் சமையல் குறிப்பைத் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கியது. இன்னும் எப்படி நான் சொல்ல முடியும்?

அண்ணி குமாரி


மெல்பர்ன்,
11 மார்ச் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லாம் பழையபடியே. சாக்லேட்டுக்கு நன்றி சொல்லாதீர்கள்.

டேப்பில் அந்த இடத்தில் கீறல் விழுந்திருக்கிறது. கீறல் விழுந்த இடத்தைத் தாண்டிப் போகச் சொன்னால் இன்னும் மோசமாகலாம். அதை எடுத்து உறையில் போட்டு வைத்துவிடுங்கள். அதன் வேலை முடிந்தது.

ஆனால் அண்ணன் எதையும் ஒன்றாக எழுதுகிறவர் இல்லை. ஒரே கோப்பை இரண்டு டேப்பில் எழுதி, ஒன்றை வீட்டிலும் ஒன்றை ஆபீசிலும் வைப்பார், ஓரிடத்தில் தீப்பிடித்தால் இன்னொன்று இருக்குமே என்று. ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் இருந்ததை வீட்டுக்கு எடுத்து வந்திருப்பார். பூசை செய்யும் அலமாரியில் அவை இல்லை என்று உங்கள் படத்தில் தெரிகிறது. வேறெங்காவது இருக்கும். தேடுங்கள்.

லோஷினியிடம் சொல்லிவிடுங்கள், அண்ணி. கெஞ்சிக் கேட்கிறேன்.

சிவா


குளுவாங்,
24 மார்ச் 2024

அன்புள்ள தம்பிக்கு,

இன்று பங்குனி உத்திரம், கோயிலுக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனம்தான் சரியில்லை. உங்களுக்குத் தொண்டை மறு பரிசோதனை இந்த வாரம்தானே? நல்லபடியாக முடிய வேண்டும்.

கிடைத்துவிட்டது.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். நான் படுக்கும் கட்டிலுக்கு அடியிலேயே, ஆபீஸ் சாமான் என்று அவர் தள்ளி வைத்த பெரிய பிஸ்கட் டின்னில் இரண்டாவது பிரதி முழுவதும் இருந்தது. அவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த டின்னை யாரும் திறந்ததில்லை. திறந்தால் டேப்புகள் புத்தம் புதிதாக இருந்தன. ஒரு பொட்டு இல்லை, ஒரு தூசி இல்லை. 2012ஐ எடுத்தேன், தாழ்ப்பாளைப் பூட்டினேன், போட்டேன்.

மார்ச்சைத் தாண்டியது. ஏப்ரல், மே என்று நிற்காமல் ஓடி டேப்பின் கடைசி வரை போய் முடிந்தது. ஒரு கரகரப்பு இல்லை. டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு t இருந்த இடத்தில் x போட்டு, என் பெயர் போட்ட கோப்புறையை எடுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். திறந்து பார்க்கத் தைரியம் இல்லை. புதன்கிழமை ஜொகூர் பாருவில் டாக்டரைப் பார்க்கிறேன்.

இப்போது நீங்கள் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் கையெடுத்துக் கும்பிட்டு, பொட்டு வைத்துப் பாதுகாத்த டேப் கீறல்பட்டுப் போயிற்று. நான் ஏறெடுத்தும் பார்க்காத டேப் பிழையின்றிப் படித்தது. இரண்டும் ஒரே நாளில் ஒரே கையால் எழுதப்பட்டவை. இது வயதும் இல்லை, குளுவாங் ஈரமும் இல்லை. ஈரம் கட்டிலுக்கு அடியில்தான் அதிகம். நான் அனுப்பிய படத்தைப் பார்த்த மறுநாளே, டேப்பைப் போடாதே என்று இரண்டு வரி எழுதினீர்கள். அதற்கப்புறம் மூன்று வாரம் சத்தமே இல்லை. நான் வைத்த திருநீறுதானே உள்ளே போய் அரைத்தது?

குமாரி


மெல்பர்ன்,
26 மார்ச் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஆமாம்.

காய்ந்த சந்தனமும் திருநீறும் டேப்போடு உள்ளே போய்ப் பெட்டியின் தலையில் படிந்துவிட்டன. தலை அழுக்கான பிறகு போட்டுப் போட்டு எடுத்ததில் டேப்பில் கீறல் விழுந்தது. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எழுத முயன்றேன், எந்த மாதிரி எழுதினாலும் நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்றே வந்தது. நீங்கள் ஏற்கெனவே இருந்த நிலையில் அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

கேட்டுவிட்டீர்கள், மிச்சத்தையும் சொல்கிறேன். ஒரு வருடம் ஆயுத பூசைக்கு நான் அங்கே வந்திருந்தேன். மறுநாள் விஜயதசமி காலையில் அண்ணன் தன் அறையில் உட்கார்ந்து, சிறிய தூரிகையால் ஒவ்வொரு டேப்பையும் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகுதான் அந்த வருட டேப்பை எழுதினார். வருடா வருடம் அப்படித்தான். "அண்ணிகிட்ட சொல்லிடலாமே" என்றேன். "சொன்னா அடுத்த வருஷம் வைக்கமாட்டா. அவ வைக்கட்டும். தொடைக்கிறதுல எனக்கு என்ன கஷ்டம்?" என்றார். உங்களிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். கைபட்டு அழியவில்லை, அண்ணி. அவர்தான் அழித்தார்.

என் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. நாளை டாக்டர் என்ன சொன்னாலும் அன்றே எழுதுங்கள்.

சிவா


மெல்பர்ன்,
11 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு வாரமாகிவிட்டது. நான் மூன்று வாரம் எழுதாமல் இருந்ததற்குப் பதிலா இது என்றால் ஏற்றுக்கொள்கிறேன். கோபமாக இருந்தால் திட்டியாவது எழுதுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் ஒரு வரி போதும்.

லோஷினிக்கு எழுதலாமா என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கினால் எழுதவில்லை.

சிவா


குளுவாங்,
18 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பிக்கு,

சித்திரை பிறந்துவிட்டது. வாழ்த்து சொல்லாமல் தொடங்குகிறேன், மன்னியுங்கள்.

பழைய படத்தில் அந்தப் புள்ளி இல்லை. டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். 2012ல் அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. எனக்கே தெரிந்தது. அதனால் காத்திருக்கக் கூடாது என்று ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு திங்கட்கிழமை வந்தது. புற்றுதான். சிறியது, பரவியதாகத் தெரியவில்லை, அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் நல்லபடியாக இருக்க வாய்ப்பு உண்டு என்கிறார். வாய்ப்பு என்ற சொல்லைத்தான் சொன்னார், நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மே ஏழு அறுவை.

அந்தப் படத்துக்காகவா இத்தனை பாடுபட்டோம் என்று முதல் இரண்டு நாள் ஆத்திரமாக இருந்தது. இல்லாமலே போயிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தழும்பு என்று நம்பியிருப்பேனே. இப்போது அப்படி நினைக்கவில்லை.

உங்கள் மேலும் அவர் மேலும் கோபம் இருந்தது. இருக்கிறது. வருடா வருடம் அவர் துடைத்திருக்கிறார், நான் கையால் அழிகிறது என்று நம்பியிருக்கிறேன். அன்பினால் செய்தார், தெரியும். அதை நினைத்தால் அழுகை வருகிறது. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பொட்டை டேப்புக்கு வைக்காமல் அலமாரிக் கதவுக்கு வைத்திருப்பேன், தம்பி. அவ்வளவுதானே? பூசையை விட்டிருப்பேன் என்று அவராக ஏன் முடிவு கட்டினார்? என் மனம் நோகும் என்று எனக்குப் பதிலாக அவர் நினைத்தார், பிறகு நீங்கள் நினைத்தீர்கள். அவர் கண் மூடியதும் துடைக்க ஆள் இல்லை, துடைக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது.

ஊசி முடிவு வந்த அன்று உங்களுக்கு, "எல்லாம் தழும்புதான், கவலை வேண்டாம்" என்று ஒரு கடிதம் தட்டினேன். லோஷினிக்கும் அதையே சொல்லி, தோழியோடு பினாங்கு போகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று திட்டம். தட்டி முடித்துப் படித்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அண்ணனும் தம்பியும் எனக்குச் செய்ததை நான் என் பெண்ணுக்குச் செய்யப் பார்த்தேன்.

அவளை வரச் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னேன். அவள் அழவில்லை. "யார் யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"சித்தப்பாவுக்கு மட்டும்."

"பேச முடியாதவருக்கு ஜனவரிலேருந்து எழுதியிருக்கீங்க. பேசுற என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவிக்கொண்டே, "ஏழாந்தேதி நான் லீவு போடுறேன். வேணாம்னு சொல்லாதீங்க" என்றாள். நான் சொல்லவில்லை. அன்று என் அறையில் என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். தூங்கினாளா என்று தெரியாது. நான் தூங்கினேன், நெடுநாளைக்குப் பிறகு.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மயக்கம் தெளிந்து நான் கண் விழிக்கும்போது எல்லாரும் முகத்தைச் சரி செய்துகொண்டு நிற்பார்கள். லோஷினியும் நிற்பாள், பாவம், அவளால் சொல்ல முடியாது. டாக்டர் என்ன சொன்னாரோ அதை எனக்கு அப்படியே சொல்ல ஓர் ஆள் வேண்டும். நீங்கள் எழுதி அனுப்புவீர்களா?

குமாரி


மெல்பர்ன்,
20 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதி அனுப்ப மாட்டேன். வருகிறேன். மே மூன்றாம் தேதி டிக்கெட் எடுத்துவிட்டேன். லோஷினிக்கும் சொல்லிவிட்டேன், சிங்கப்பூர் விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போகிறாள்.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. தொண்டையில் இந்த ஓட்டையோடு நான் இன்னும் ஊர்க்காரர் முகத்தில் விழித்ததில்லை. யாராவது நலமா என்று கேட்டால் நான் தலையைத்தான் ஆட்ட முடியும். உங்களை நினைத்தும் பயமாக இருக்கிறது. இரண்டு பயத்தையும் எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறேன்.

டாக்டர் வெளியே வந்து பேசும்போது நான் லோஷினி பக்கத்தில் நிற்பேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். நீங்கள் கண் விழித்ததும் அந்தத் தாளை உங்கள் கையில் தருவேன். நல்லதோ கெட்டதோ, அவர் சொன்ன சொல்தான் அதில் இருக்கும்.

சிவா